கழுவி வந்த கால்கள்

எங்கள் பள்ளியின் பின்புறம், சமையல் கூடத்தை ஒட்டி ஒரு குழாயடி உண்டு. அன்று காலை மணி அடிப்பதற்கு முன் அந்தப் பக்கமிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. என்ன ஏது என்று எட்டிப் பார்த்தேன். காக்கிக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓர் ஆள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் தேங்காய் நார், பக்கத்தில் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். கருகிய சட்டியைத் துலக்குகிற மாதிரி தன் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாலமுருகன், இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் பாட்டில் சாய்ந்தது.

"பெயிண்ட் டீச்சர். போட்டுக்கு அடிக்கிற செவப்பு பெயிண்ட். ஒரு வாரமா தேய்க்கிறேன், போவ மாட்டேங்குது. அத்தன பேர் முன்னாடி இந்தக் காலயா நீட்றது?"

குதிகால் வெடிப்புகளுக்குள் பெயிண்ட் கோடு கோடாக இறங்கியிருந்தது. விரல் இடுக்குகள் உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் காலை எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி கழுவப்போகிறாள். அதற்காகத்தான் அவரை அழைத்திருந்தோம்.

கழுவப்போகிற காலை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் வந்த பதினொரு பேரும் அதே குழாயடியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்கள். ஒருவர் வீட்டிலேயே நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முருகன் வேண்டாமென்றாரா?

இந்தத் தொடரைப் படித்துவிட்டு சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நெற்றியில் விபூதியோடு படத்தில் இருக்கிறீர்கள். கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எந்தச் சாமியைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருக்கட்டும், பதில் சொல்கிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. கணவருக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை என்பதால் அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்து, மரைன் ஹில்லில் குடியேறினோம். வீட்டில் சும்மா உட்கார முடியாத சுபாவம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன். அண்ணன் ஊரிலிருந்து போன் போட்டு, "சிலுவைய மாட்டிக்கிட்டு வந்துராத" என்றான். "அதுக்கு சம்பளம் பத்தாதுண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தலைமையாசிரியை சிஸ்டர் பெர்னதெத், குமரிக் கடற்கரைக்காரர். குள்ளம், கறார், வாயைத் திறந்தால் கேலி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கூப்பிட்டு, மாணவர்களின் சேவைக் குழுவை நீர் எடுத்து நடத்தும் என்றார்.

"சிஸ்டர், நான் கழுகுமலை முருகனைக் கும்பிடுறவ."

"செரி. முருகன் வேண்டாம்னு சொன்னாரா?"

அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

சேவைக் குழுவின் சனிக்கிழமை வேலை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பல்கள் வந்து அணையும் துறையில். தூரத் தீவுகளில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. அங்கே முடியாது என்றால் நோயாளியைக் கப்பலேற்றி இங்கே அனுப்புவார்கள். இரவெல்லாம் அலையில் புரண்டு, வாந்தியெடுத்து, வந்து இறங்கும்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பார்கள். சிலருக்குப் பெங்காலி மட்டும் தெரியும், சிலருக்குத் தெலுங்கு, சிலருக்கு நிக்கோபாரி. எங்கள் பிள்ளைகள் சக்கர நாற்காலியும் வெந்நீர் பிளாஸ்க்கும் வெள்ளைத் துண்டுகளுமாகப் போய் நிற்பார்கள். யாருக்கு எந்தப் பாஷை வேண்டுமோ அந்தப் பிள்ளை அவரோடு ஆஸ்பத்திரி வரை போகும். இதைத்தான் அந்த வாசகருக்குப் பதிலாகச் சொல்ல முடியும். மற்றபடி நான் எந்தச் சாமியையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கற்பூரம் மட்டும் வேண்டாம்

வருஷத்துக்கு ஒரு நாள், ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழனுக்கு முந்தின தினம், பள்ளியில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். இயேசு தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவிய நினைவாக. மாதா கோயிலில் பாதிரியார் செய்வதை எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்வார்கள்.

முதல் வருஷம் ஏற்பாடு என் பொறுப்பு என்றதும் எனக்கு ஒரே உற்சாகம். கால் கழுவுவதா, நமக்குத் தெரியாத பாத பூஜையா என்று பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், உதிரிப் பூ, கற்பூரம் எல்லாம் அடுக்கிக் கொண்டுபோய் பள்ளிச் சிற்றாலயத்துப் பீடத்தின் முன் வைத்தேன். சிஸ்டர் தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கற்பூரத்த மட்டும் எடுத்திரும். பூ இருக்கட்டும், நல்ல மணமா இருக்கு."

அப்புறம் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "உங்க பூஜையில சின்னவங்க குனிவாங்க, பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணுவாங்க. இது அப்பிடியில்ல டீச்சர். இங்க பெரிய ஆளுதான் குனியணும். நம்ம பிள்ளைங்க நாளைக்கு ஆபீசராவும், கலெக்டராவும். அதுக்கு முன்னால ஒருக்கா குனிஞ்சு பாக்கட்டும்."

அதனால் காலை நீட்டுபவர்கள் ஒவ்வொரு வருஷமும் வேறு. ஒரு வருஷம் ஆயாக்கள், ஒரு வருஷம் குப்பை வண்டிக்காரர்கள். சொந்த அப்பா அம்மா காலை மட்டும் சிஸ்டர் எந்தப் பிள்ளைக்கும் தரமாட்டார். அது பாசத்தில் சேரும், சேவையில் சேராது என்பது அவர் கட்சி.

சிஸ்டர் எத்தனை சொல்லியும் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. வருகிற எல்லோரும் காலைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக இருக்கும். "இவங்க அழுக்கக் காட்டவே மாட்டாங்க. பின்ன நம்ம என்னத்தக் கழுவ?" என்று சிஸ்டர் அலுத்துக்கொள்வார்.

டிசி கேட்டு வந்தவர்

நான் சொல்கிற வருஷம் போட்காரர்களின் முறை. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் அக்கரையிலிருந்து தினமும் போட்டில் துறைமுகத்தைக் கடந்து வருபவர்கள். அந்தப் போட்டில் பாலமுருகன் கலாசி. கயிறு கட்டுவது, தளம் கழுவுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவர் வேலை. ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர்.

அவர் மகள் கௌசல்யா எங்கள் ஒன்பதாம் வகுப்பு. சேவைக் குழுவில் என் வலது கை. சனிக்கிழமை கப்பல் எத்தனை மணிக்கு வந்தாலும் ஜெட்டியில் முதல் ஆளாக நிற்பாள். அருவருப்பு என்பதே கிடையாது. ஒரு தாத்தா அவள் மேலேயே வாந்தியெடுத்துவிட்டார். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்ப நல்லாருக்கா தாத்தா?" என்று கேட்டாள்.

சடங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாலமுருகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார்.

"சுட்டி போட்டுட்டு வந்துருக்கேன் சிஸ்டர். டிசி வேணும். புள்ளய கவர்மென்ட் ஸ்கூல்ல சேக்கப் போறேன்."

"எதுக்கு?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ண மூடிக்கிறா. சேப்பல்ல போயி உக்காந்துக்கிறான்னு கூடப் படிக்கிற புள்ளைங்க சொல்லுது. சர்வீஸ் பண்ணட்டும், பரவால்ல. சாமிய மாத்துற வேலைன்னா வேணாம்."

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. கடல் தாண்டி வந்தவனுக்குக் கையில் மிச்சமிருப்பது ஊர்ச் சாமியும் ஊர்ப் பேச்சும்தான். பேச்சில் பாதி இந்தி ஆகிவிட்டது. சாமியையாவது விடக்கூடாது என்று நினைப்பது தப்பில்லை. ஆனால் கௌசல்யாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. கதவோரம் நின்றிருந்த அவளோ தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

சிஸ்டர் நிதானமாக, "டிசி தாறேன். அதுக்கு முந்தி ஒரு உபகாரம் செய்யணும். கால் கழுவுறதுக்கு பதினோரு பேர் ஆயாச்சு. ஒராள் கொறையுது. நீர் வாரும்" என்றார்.

"நானா? நான் இந்து, சிஸ்டர்."

"மத்த பதினொண்ணுல ஏழு பேரும் அதுதான். கால் நனஞ்சா மதம் போயிரும்னா, தெனமும் கடல்தண்ணியில நிக்கிற உமக்கு எப்பவோ போயிருக்கணுமே."

பாலமுருகன் சிரிக்கவில்லை. ஆனால் வருகிறேன் என்றார். மகளைப் படிக்கவைத்த இடத்தில் முகத்தை முறித்துக்கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

ஹிலோ மத்

இனி குழாயடிக்குத் திரும்பலாம். பாட்டிலை நிமிர்த்தி வைத்து, அவரை உள்ளே அனுப்பினேன். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சிற்றாலயத்தில் பூ வாசனையும் ஊதுபத்தி வாசனையும் தோற்று, மண்ணெண்ணெய்தான் வென்றது.

கௌசல்யாவுக்கு ஒரு வயசான போட் டிரைவரின் கால் கிடைத்தது. பாலமுருகனின் முன்னால் மண்டியிட்டவள் எஸ்தர். வடக்கே தூரத்தில் இருக்கிற மாயாபந்தர் பக்கத்துக் கரேன் கிராமத்துப் பெண், ஒரு காலத்தில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய சனம். எங்கள் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளும் கத்தோலிக்கப் பிள்ளை அல்ல, வேறு சபை. தமிழைக் கௌசல்யாவிடம் கற்றுக்கொண்டாள், அதனால் அது ராமநாதபுரத் தமிழ்.

பதினொரு பாத்திரங்களிலும் வழக்கம்போல் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பன்னிரண்டாவதில் மட்டும் எண்ணெய் மினுக்கோடு லேசாகச் சிவந்தது. பாலமுருகன் வெடுக்கென்று காலை இழுத்தார். எஸ்தர் விடவில்லை.

"அங்கிள், ஹிலோ மத்," என்றாள். இந்தியில் ஆடாதீர்கள் என்று அர்த்தம்.

குனிந்து, வெடிப்புக்குள் இருந்த பெயிண்டைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். சடங்கில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. மற்ற பிள்ளைகள் துண்டால் துடைத்து முடித்து எழுந்துவிட்டார்கள். இவள் மட்டும் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பாட்டுப் பாடுகிறவர்கள் முதல் சரணத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

"எங்க பப்பா கால்லயும் இருக்கு. அவரும் போட்டுக்கு பெயிண்ட் அடிப்பாரு," என்று அவள் தமிழில் சொன்னாள். "மண்ணெண்ண வேஸ்ட் அங்கிள். தேங்கா எண்ண போட்டு ஊறப் போடணும்."

பாலமுருகன் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கினாரா என்று வாசகர்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் நெடியில் எனக்கே கண் எரிந்துகொண்டிருந்தது.

கேட்டருகே நடந்த பேச்சு

சடங்கு முடிந்து கேட்டருகே அப்பாவும் மகளும் நின்றார்கள். நான் குடையை விரிக்கிற சாக்கில் நின்றேன். ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம்தான், ஆனால் அதில்லாமல் தொடர் எழுத முடியாது.

"சேப்பல்ல போயி என்னதான் பண்ற?"

"சும்மா உக்காருவேன்பா. நம்ம குவாட்டர்ஸ்ல டிவி சத்தம், பக்கத்து வீட்டுச் சத்தம். அங்கதான் நிம்மதியா முருகா முருகான்னு சொல்ல முடியுது."

"சர்ச்சுல உக்காந்து முருகனயா கூப்புடுற?"

"ஏன், வர மாட்டாரா? கப்பல் டிக்கெட்டா வேணும் அவருக்கு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பேச்சின் அருமை தெரியும். பாலமுருகனும் மீசைக்குள் சிரித்ததைப் பார்த்தேன். சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"டிசி வேணாம், படி. ஆனா சனிக்கிழம ஜெட்டிக்குப் போவக் கூடாது," என்றார்.

"ஏம்பா?"

அப்போதுதான் அசல் காரணம் வெளியே வந்தது. "கூட வேல செய்றவன் கேக்குறான், உன் பொண்ணு ஆயா வேலைக்கா போவுதுன்னு. கண்டவன் வாந்திய அள்ளுதுன்னு. நான்தான் தெனமும் டெக்க கழுவுறேன். நீயும் அதையே பண்ணவா உன்னய படிக்க வக்கிறேன்?"

சாமி பிரச்சினை என்றால் சிஸ்டரின் கேலி போதும். இதற்குக் கேலி எடுபடாது. தன் வேலையைத் தானே கேவலமாக நினைக்கிற மனுஷனிடம் அந்த வேலையில் புண்ணியம் இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த சனிக்கிழமையிலிருந்து கௌசல்யா ஜெட்டிக்கு வரவில்லை. பள்ளியிலேயே பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி, துண்டுகளை மடித்துக் கொடுத்துவிட்டு நிற்பாள். நாங்கள் திரும்பி வந்ததும், "இன்னைக்கு யாரு வந்தாங்க டீச்சர்?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் அப்பா மேல் கோபம் கோபமாக வரும். அவரிடம் போய்ப் பேசலாமா என்று கேட்டால் சிஸ்டர், "கொஞ்சம் பொறும்" என்பார். அவருக்குப் பொறுமை அதிகம், எனக்கு அந்த வரம் கிடையாது.

மாயாபந்தர் கப்பல்

ஆடி மாதக் காற்று தொடங்கியது. பாலமுருகனை அதற்குள் மாயாபந்தர் போகும் கப்பலுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எஸ்தருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, கால் இரண்டும் வீங்கிவிட்டன, போர்ட் பிளேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மரம் சாய்ந்து ரோடு அடைத்துக் கிடந்ததால் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கூட வருவது சித்தி மட்டும்.

மறுநாள் காலை மழையில் ஜெட்டிக்குப் போனால், சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கௌசல்யா நிற்கிறாள். தோளில் வெள்ளைத் துண்டு.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"இல்ல டீச்சர். எஸ்தரோட அம்மா. நான் எப்பிடி வராம இருக்கிறது?"

"அந்தக் கப்பல்லதான் உங்கப்பா வர்றாரு."

"தெரியும்."

எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் ஆடி ஆடி வந்து சேர்ந்தது. எல்லாரும் இறங்கிய பிறகும் எஸ்தரின் அம்மா இறங்கவில்லை. நாங்கள் பலகை ஏறிப் போனோம். தளத்தின் ஓரத்தில், கம்பியைப் பிடித்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க வாந்தி. வீங்கின கால் இரண்டும், லுங்கியின் விளிம்பும் எல்லாம் அசிங்கமாகியிருந்தன. எழுந்திருக்கச் சொன்னால் கரேன் மொழியில் ஏதோ சொல்லி அழுதார். இந்தக் காலோடு மகளின் டீச்சர் முன்னால் எப்படி வருவேன் என்கிறார் என்று சித்தி இந்தியில் சொன்னாள். எஸ்தர் குனியப் போனாள். அம்மா அவள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, காலைப் பெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

அப்போது தளம் கழுவுகிற வாளியோடு பாலமுருகன் வந்தார். முதலில் மகளைத்தான் பார்த்தார். முகம் இறுகியது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த இரண்டு கலாசிகள் வேலையை நிறுத்திவிட்டு இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆயா வேலை என்ற பேச்சு இந்தக் கப்பலுக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இங்கேயே, இத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எஸ்தரைப் பார்த்தார். பிறகு பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்த கால்களைப் பார்த்தார். வாளியிலிருந்த தண்ணீரைக் கடலில் கொட்டிவிட்டுப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஈரத் தளத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கையால் அந்தம்மாவின் காலை வெளியே எடுத்து, மறு கையால் குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அந்தம்மா காலை இழுத்தார்.

"ஹிலோ மத், பெஹன்ஜி," என்றார் பாலமுருகன்.

வீக்கம் வலிக்காதபடி உள்ளங்கையால் தடவித் தடவிக் கழுவினார். விரல் இடுக்குகளையும் விடவில்லை. தண்ணீர் கலங்கலாக ஓடி, தளத்தின் ஓரத்து ஓட்டை வழியே கடலுக்குப் போயிற்று. கயிறு சுற்றியவர்களில் ஒருவர் வந்து இன்னொரு வாளி தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் இதை எழுதும்போது மறைக்க என்ன இருக்கிறது.

கௌசல்யா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்ட பயம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. கழுவி முடித்த காலைத் தன் தொடைமேல் தாங்கி வைத்துக்கொண்டு, பாலமுருகன் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்துக்கிட்டு நிக்கிற? உன் வேலதானே இது. துண்டக் குடு."